அங்கிட்டு என்ன இருக்கு?

கம்பம் ஊரில் எங்கள் மருந்துக்கடைக் கல்லாவுக்கு மேலே ஓர் ஆணியில் சாவி ஒன்று தொங்குகிறது. கோம்பையில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் சாவி. வீட்டுக்குச் சொந்தக்காரர் இப்போது கோயம்புத்தூரில் மகனோடு மாடி வீட்டில் இருக்கிறார். அவ்வப்போது நான் சைக்கிளில் போய் ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஒட்டடை அடித்து, கொல்லை முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காலையில் சைக்கிள் ஓட்டும் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் கோம்பை அக்கா. எனக்கும் அக்காதான்.

அக்கா அதிகம் பேச மாட்டார். கேட்பார். அதிலும் ஒரே கேள்வி. சுவரைக் கண்டால் கேட்பார், வேலியைக் கண்டால் கேட்பார், ரோடு வளைந்து மறையும் இடத்தில் ஒரு காலை ஊன்றி நின்று எதிரே வருகிறவரை மறித்துக் கேட்பார்: "அங்கிட்டு என்ன இருக்கு?"

நம்மூரில் இதற்கு எல்லோரும் சொல்வது "ஒண்ணும் இல்லக்கா" என்றுதான். அவர் காட்டும் சந்துக்கு எதிரிலேயே வருடக்கணக்காகக் கடை வைத்திருப்பவரும் அதைத்தான் சொல்வார். அதைக் கேட்டதும் அக்காவுக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்துவிடும். துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு, சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். "ஒண்ணும் இல்லன்னு சொல்றவுக எல்லாம் போய்ப் பாக்காதவுக" என்பார் போகிற போக்கில். நான் இரண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்பேன். அவரோடு பழகிய காலத்தில் பாதியை நான் இப்படி நின்றே கழித்திருக்கிறேன்.

அக்காவை முதலில் பார்த்தது மலையடிவாரத்து லோயர் கேம்பில். எனக்குச் சர்க்கரை வந்த புதிது. மாத்திரை விற்கிறவளே மாத்திரைக்கு வாடிக்கையாகிவிட்ட எரிச்சலில், டாக்டர் சொன்னபடி சைக்கிள் வாங்கி, அதிகாலைத் தொழுகை முடித்ததும் அந்தக் கூட்டத்தோடு ஓட்ட ஆரம்பித்திருந்தேன். கூட்டம் என்றால் ஏலக்காய் வியாபாரிகள், வாத்தியார்கள், ஒரு பல் டாக்டர். பெண்கள் நாங்கள் இரண்டே பேர். ஆண்களெல்லாம் யார் எத்தனை கிலோமீட்டர் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முன்னால் பறந்துவிடுவார்கள். அன்று மலையிலிருந்து தண்ணீர்க் குழாய்கள் இறங்கி வரும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில், வேலிப் புதரைக் காட்டி அந்த அம்மாள் மாஸ்டரிடம் தன் கேள்வியைக் கேட்டார். மாஸ்டர் வழக்கமான பதிலைச் சொன்னார். என் கையில் சைக்கிள் வந்து சேர்ந்தது.

டீ ஆறி ஏடு படிந்த பிறகுதான் திரும்பி வந்தார். கால் முட்டி வரை சேறு.

"என்னக்கா இருந்துச்சு?"

"ஒரு குட்டை, ஆத்தா. குட்டைக்குள்ள ஒரு இரும்புக் கட்டில். எந்தக் காலத்துலயோ யாரோ தூக்கிப் போட்டது போல. அந்தக் கட்டில்ல ஒரு எருமை ஏறிப் படுத்திருக்கு. மத்த எருமையெல்லாம் அதைச் சுத்தி நின்னு பாத்துக்கிட்டு இருக்குதுக." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "ஒண்ணும் இல்லங்கிறான்."

கட்டிலில் படுத்த எருமையைப் போய்ப் பார்க்காமல் விட்டோமே என்று எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு.

மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர் அவர். புருஷன் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். ஒரே மகன். அந்த வேலையில் சுவர் ஏறிப் பார்க்கிற பழக்கம் வந்ததா, அந்தப் பழக்கம் இருந்ததால்தான் அந்த வேலை பிடித்ததா என்று தெரியாது. கேட்டால் சிரிப்பார். நாய்களைச் சமாளிக்கும் வித்தை மட்டும் அங்கே கற்றதுதான். கோம்பை நாய் சைக்கிளைக் கண்டால் சும்மா விடாது. ஒரு தடவை ஒரு தோட்டத்துக்குள்ளிருந்து செவலையாக ஒன்று பாய்ந்து வந்தபோது நான் மூச்சைப் பிடித்து மிதித்தேன். அக்கா பிரேக் போட்டு இறங்கிவிட்டார். சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு, நாயைப் பார்க்காமல், பின்னால் ஓடி வந்த தோட்டக்காரரிடம் நிதானமாகக் கேட்டார்: "இது ஆத்தா எந்தத் தோட்டத்துது?" அவர் நாயின் தாய், பாட்டி வரை வம்சத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் அந்த நாய் குரைப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டது.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பாகப் போகவில்லை. மார்க்கையன்கோட்டைப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் போனவர் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். உமிக் குவியல் ஓரத்தில் ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா சும்மா உட்கார்ந்திருந்தார். நான் பின்வாங்கிவிட்டேன். திரும்பி வந்த அக்காவிடம் அன்றைக்கும் கேட்டேன், என்ன இருந்துச்சு என்று.

"இருந்துச்சு. அதை ஒனக்குச் சொல்ல மாட்டேன்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் 'ஒண்ணும் இல்ல, வா' என்று சைக்கிளில் ஏறியிருப்பார்கள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இரண்டு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவளுக்கு இவ்வளவுதானா மரியாதை என்று வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒருநாள் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துச் சுவரில் ஏறி, விழுந்து, மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மகன் கோயம்புத்தூரிலிருந்து ஓடி வந்தான். நல்ல பிள்ளை, ஒரு குறை சொல்ல முடியாது. அம்மாவின் கட்டைப் பார்த்துக் கண் கலங்கினான். ஆனால் முடிவோடுதான் வந்திருந்தான். இனி அம்மா தனியாக இருக்கக் கூடாது, அவனோடு வந்துவிட வேண்டும். அக்கா எத்தனையோ மாதம் பதில் சொல்லாமல் இழுத்தார். அந்த வீடு அவர் சம்பளத்தில் கட்டியது. கொல்லைக் கதவைத் திறந்தால் மேற்கு மலை முழுசாக நிற்கும். அதைவிட்டுப் போவதை நினைத்து அவர் சாப்பாடு இறங்காமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கட்டுப் பிரித்துக் கை பழையபடி ஆனதும் ஒருநாள், மகனும் நானும் உட்கார்ந்திருக்கும்போது, அவரே ஒரு பேச்சை எடுத்தார்.

"சின்னப் பிள்ளையில இருந்து இந்த மலையப் பாத்துக்கிட்டு இருக்கேன். அங்கிட்டு என்னன்னு கேட்டா மலையாளம்னாக. அதுக்கும் அங்கிட்டு கடல்னாக. ஆனி, ஆடியில வாழையெல்லாம் சாய்ச்சிட்டுப் போகுதே காத்து, அது அந்தக் கடல்ல இருந்துதான் வருதுன்னாக. அது கெளம்புற எடத்த நான் பாக்கணும். கடலோரமா, சைக்கிள் போற எடத்துல சைக்கிள், போகாத எடத்துல நடை. கன்னியாகுமரி வரைக்கும்."

மகன் தலையில் கை வைத்தான்.

"கேளுப்பா. நீ கன்னியாகுமரியில வந்து நில்லு. யாரும் வந்து தூக்கிவிடுற நெலமை ஒரு எடத்துலகூட வராம நானா வந்து சேந்தேன்னா, இந்த வீட்டுலயே இருந்துக்கிறேன். இனிமே நீ அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. அப்படி எதுவும் நடந்துச்சுன்னா, அன்னைக்கே பெட்டியக் கட்டுறேன்."

அவன் என்னைப் பார்த்தான். "நீங்க கூடப் போவீகளா?"

முழங்கால் வலி, கடை, பிள்ளைகளின் பரீட்சை என்று சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. "போவேன்" என்று வாயில் வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை அள்ளிப் போட்டார். பனி குறைந்த தை மாதக் கடைசியில் கிளம்பினோம்.

கேரளாவுக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் வண்டியில், தாருக்கு நடுவில் சைக்கிள்களைச் சொருகி, குமுளி ஏறி இறங்கி, வர்க்கலையில் போய் இறங்கினோம். அதற்கு அப்புறம் வண்டி கிடையாது. கடல் அங்கே கரையோடு சமமாக இல்லை. செம்மண் சுவர் செங்குத்தாக இறங்கி, அடியில் போய் அலை மோதுகிறது. அக்கா விளிம்பில் நின்று அலையை எட்டிப் பார்த்தார். அப்புறம், பக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் கடலைக் கை காட்டி, "அங்கிட்டு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

எனக்கு மானம் போனது. பெரியவர் திரும்பிப் பார்த்து, கொஞ்சமும் யோசிக்காமல், "துபாய். என்றெ மோன் அவிடெயா" என்றார், தன் மகன் அங்கேதான் என்று.

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாத்தா. இவ்வளவு பெரிய கடலுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு ஒரு மனுசனுக்குத் தெரியுது. நம்ம ஆளுகளுக்கு மில்லுக்குப் பின்னாடி என்னன்னு தெரியல."

தெற்கே ஓட்டினோம். ரோடு இருக்கும்வரை ஓட்டினோம். பாறையும் மணலுமான இடத்தில் தள்ளினோம். படிக்கட்டு இறங்கும் இடங்களில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா முன்னால் இறங்குவார். நான் பின்னால் என் முழங்காலைத் திட்டிக்கொண்டே இறங்குவேன். எதிர்க்காற்று விடவே இல்லை. "இது அந்தக் காத்தோட பிள்ளை" என்றார் அக்கா, வாயில் மணலைத் துப்பிக்கொண்டு. விழிஞ்ஞம் தாண்டி ஓர் இடத்தில், அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைக் குவியலுக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டதற்கு ஒரு சேச்சி, "ஒந்நும் இல்லா" என்றாள். மலையாளத்திலும் அதே பதில்தானா என்று அக்கா உற்சாகமாக ஏறினார். அந்தப் பக்கம் யாரோ பழைய தெர்மகோல் மீன் பெட்டிகளில் மண் போட்டு வரிசையாகக் கீரை வளர்த்திருந்தார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பச்சைப் பசேலென்று நின்றது. அன்றைக்கு மட்டும் நானும் ஏறிப் பார்த்தேன் என்பதை இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ராத்திரி தங்கும் இடங்களில் மகன் போன் பண்ணுவான். "எல்லாம் நல்லாத்தான் போகுதுப்பா" என்பார் அக்கா. அது உண்மையாகவும் இருந்தது. அவர் கால் என்னுடையதைவிட உரம். வீடு அநேகமாகத் தங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

குளச்சல் தாண்டி ஒரு சின்ன மீனவ ஊரில் ரோடு கடலைவிட்டு உள்ளே திரும்பியது. கடலோரமாகப் போனால் கரும்பாறை ஒன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. ரோட்டு முனையில் டீக்கடை வைத்திருந்த அம்மாவிடம் அக்கா தன் கேள்வியைக் கேட்டார்.

"அங்க ஒண்ணும் கெடையாது. பாறதான். பொழுது அடையப் போவுது, நேரத்தோட ரோட்டுல ஏறுங்க" என்றார் அந்த அம்மா.

அக்கா மேற்கே பார்த்தார். சூரியன் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே நின்றது. "வெயில் இன்னும் எறங்கவே இல்ல. எறங்கினாலும் வெளிச்சம் கெடக்கும். பாறைய ஏறிப் பாத்துட்டுத் திரும்பிருவோம்" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

இந்தத் தப்பை எங்கள் ஊர்க்காரர்கள்தான் செய்ய முடியும். எங்களுக்கு மேற்கே மலை சுவராக நிற்கிறது. சாயங்கால டீக்குப் பால் காய்ச்சும் நேரத்திலேயே சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும். ஆனால் இருட்டாது. களை எடுக்கிறவர்கள், "வெயில் மலையேறிருச்சு, இன்னும் ரெண்டு பாத்தி பாக்கலாம்" என்பார்கள். பிள்ளைகள் அதற்கப்புறம்தான் விளையாடவே இறங்கும். சூரியன் மறைவதும் இருட்டுவதும் எங்களுக்கு வேறு வேறு சங்கதி. முந்தைய நாட்களில் அந்த நேரத்துக்கு ஏதாவது ஊருக்குள் கடை வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். கடலில் சூரியன் விழுந்தால் என்ன ஆகும் என்று இருவரும் கவனிக்கவில்லை.

டீக்கடையில் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தோம். நடுவில் ஓரிடத்தில் பாறை பிளந்து, வாய்க்கால் அகலத்துக்கு ஒரு பள்ளம். அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். இறங்கி ஏறினோம். அதற்கு மேல் வழுக்கல். பாதி தூரத்தில் சூரியன் கடலுக்குள் போனது. அழகாக இருந்தது என்று நின்று பார்த்தோம். அந்த அழகைப் பார்த்து முடித்துத் திரும்பினால் வெளிச்சம் இல்லை. யாரோ மெயின் சுவிட்சை இறக்கியது போல.

"என்னத்தா இது" என்றார் அக்கா. முதல்தடவையாக அவர் குரலில் ஒரு தடுமாற்றம்.

போன் வெளிச்சத்தில் தடவித் தடவிப் பள்ளத்துக்கு வந்தோம். தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறி, அலை உள்ளே புகுந்து சுழன்றுகொண்டிருந்தது. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் தானாக ஏறாது. மேலே அணையில் யாராவது ஷட்டரைத் திறக்க வேண்டும்.

"எவனோ ஷட்டரத் திறந்துட்டான்த்தா" என்றார் அக்கா.

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் ஒரு அலை முகத்தில் அடித்தது, அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போக வழியில்லை. முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தான பாறை. நான் பயந்துவிட்டேன். பிள்ளைகள் முகம் வந்தது. அக்காவின் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு எருமையைப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதா இந்த மனுஷிக்கு என்று இருந்தது. அவர் என் கையைப் பிடித்திருந்தார்.

"ஒங்க மகனுக்குப் போன் போடப் போறேன்க்கா. அவரு யார்கிட்டயாவது சொல்லி ஆள் அனுப்பட்டும்."

போன் போட்டால் வீடு போய்விடும். இருவருக்கும் தெரியும். அக்கா பள்ளத்துத் தண்ணீரை ஒரு தடவை பார்த்தார். அப்புறம், "போடு. ஒன்னைய வச்சுக்கிட்டு நான் வீம்பு பண்ணக் கூடாது. போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி கத்திப் பாப்போம்" என்றார்.

இருவரும் கத்தினோம். காற்றில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினோம். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எங்கோ மேலே, பேச்சுக் குரல் வந்தது. ஒரு பெண் குரல், "ஏதோ சத்தம் கேக்குல்லா" என்றது. ஒரு ஆண் குரல் பதில் சொன்னது.

"அங்க ஒண்ணும் இல்ல. காத்தாக்கும். வா போவோம்."

என் வாழ்க்கையில் அந்த இரண்டு சொற்களை அப்படி ஒரு பயத்தோடு நான் கேட்டதில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். அலைச் சத்தத்தில் அது போன இடம் தெரியவில்லை. மேலே பேச்சு நின்றுவிட்டது. போய்விட்டார்கள் என்று நினைத்தேன். நம்பரைத் தேடினேன். விரல் ஈரத்தில் போன் திறக்கவில்லை.

அப்போது அந்தப் பெண் குரல் கிட்டத்தில் கேட்டது. "நீரு போவும். நான் எதுக்கும் பாத்துட்டு வாறேன்."

பாறை உச்சியில் டார்ச் வெளிச்சம் வந்து, இப்படியும் அப்படியும் அலைந்து, எங்கள் மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் அசையவில்லை. "எம்மா, ரெண்டு பொம்பளையோ" என்றார் அவர். பிறகு ஒரு கயிறு வந்து விழுந்தது. முனையில் பிளாஸ்டிக் வாளி கட்டியிருந்தது. தண்ணீர் இறைக்கிற கயிறு. போன ஆளும் திரும்பி ஓடி வந்து கயிற்றின் மறுமுனையைப் பாறையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். "கால இங்கோடி வையுங்க. கீழ பாக்காதீங்க" என்று அந்த அம்மா வெளிச்சம் காட்ட, முதலில் நான், பின்னால் அக்கா, இருவரும் கைகால் எல்லாம் சிராய்த்து மேலே வந்து சேர்ந்தோம். நான் உட்கார்ந்து அழுதேன். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே அந்த அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தார்.

"இவுக ஒண்ணும் இல்லன்னு சொன்னாகளே, நீங்க ஏன் வந்தீக?" என்று கேட்டார்.

"சும்மா, என்னதான்னு பாக்கத்தான்" என்றார் அந்த அம்மா.

அக்கா அழுதுவிட்டார். அவர் அழுததை நான் அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

அன்று அவர்கள் வீட்டில் படுத்தோம். காலையில் ரோட்டு வழியாகச் சுற்றி நடந்து போய் சைக்கிளை எடுத்தோம். போகும்போது நான் சொன்னேன்: "அக்கா, போன் போடல. வண்டியில ஏறல. நாமளா நடந்து வந்து நாமளாத்தான் சைக்கிள எடுத்திருக்கோம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல." அக்கா காது கேட்காதது போல ஓட்டிக்கொண்டு வந்தார். கன்னியாகுமரி வரைக்கும் எந்தச் சுவருக்கும் நிற்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மகன் காரோடு காத்திருந்தான். அம்மாவைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து, பாவம், இத்தனை நாள் அவன் தூங்கியிருக்க மாட்டான் என்று தோன்றியது. சைக்கிளை வாங்கிக்கொண்டான். அம்மாவின் முழங்கையில் சிராய்ப்பைப் பார்த்தான்.

"என்னம்மா இது? வழியில ஒண்ணும் ஆகலேல்ல?"

சொல்ல வேண்டியது இரண்டே சொல். ஒண்ணும் இல்லப்பா. அதைச் சொன்னால் வீடு இருக்கும், கொல்லைக் கதவு இருக்கும், மலை இருக்கும். நான் அக்காவையே பார்த்தேன். மார்க்கையன்கோட்டையில் எனக்குச் சொன்னதுபோல 'சொல்ல மாட்டேன்' என்றாவது சொல்லித் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஆச்சுப்பா" என்றார் அக்கா. "ஒரு அம்மா வந்து கயிறு போட்டுத் தூக்கிவிட்டாக."

முழுவதையும் சொன்னார். சூரியன் விழுந்தது, இருட்டு, ஷட்டர், வாளி, எதையும் விடவில்லை. மகனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. முடிந்ததும் அவன் சொன்னது ஒன்றுதான். "அப்ப பெட்டியக் கட்டணும்மா."

"கட்டுறேன்ப்பா. சொன்னா சொன்னதுதான்."

அவன் சைக்கிள்களைக் கார் மேல் கட்டப் போனதும் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. யாருக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"அந்தாளு அதைத்தான சொன்னாரு, அங்க ஒண்ணும் இல்லன்னு" என்றார் அக்கா. "அதை அந்தம்மா நம்பியிருந்தா நாம இல்லத்தா. அதையே எம்மகன்கிட்ட நான் சொல்றதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீடு போகிறதே என்று எனக்குத்தான் ஆறவில்லை. அவர் கடலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

நாகர்கோவில் தாண்டியும் காருக்குள் பேச்சில்லை. மகன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, வரிசையாகச் சுற்றும் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பின் சீட்டில் நான் மனதுக்குள் அவர் வீட்டை ஒவ்வொரு அறையாகக் காலி செய்துகொண்டிருந்தேன். வள்ளியூர் வரும்போது மகன் தொண்டையைச் செருமினான்.

"ஏம்மா."

"சொல்லுப்பா."

"அந்தப் பாறைக்கு அங்கிட்டு என்னதான் இருந்துச்சு?"

அக்கா மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். அவர் முகம் மாறிய விதத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"கெணறுப்பா. அலை அடிக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே ஒரு சின்னக் கெணறு. அந்தம்மா அதுலதான் தண்ணி எடுக்க வந்திருக்காக. எங்களுக்கு எறச்சுக் குடுத்தாக. நல்ல தண்ணி. நம்மூருத் தண்ணிகணக்கா இனிக்குது."

"கடலுக்குப் பக்கத்துலயா? உப்புக் கரிக்கலையா?"

"கரிக்கல."

"அதெப்படிம்மா?"

"எனக்கும் தெரியல. வண்டியத் திருப்பு, போய்க் கேப்போம்."

அவன் வண்டியைத் திருப்பவில்லை. ஆனால் நாங்குநேரி தாண்டும்வரை அந்தக் கிணற்றைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான்.